எழுந்ததிலிருந்து சொல்லுங்க

புதன்கிழமை மாலை அம்மாவும் நானும் சமையலறைக் குழாயின் வாஷரை மாற்றினோம். இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது.

குழாய் இரண்டு வாரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா எண்ணி வைத்திருந்தாள். முதல் வாரம் நிமிடத்துக்கு முப்பத்தெட்டு சொட்டு, இந்த வாரம் நாற்பத்திரண்டு. நோயாளியின் நிலைமையைச் சொல்வதுபோல அதைப் போனில் சொன்னாள். நான் வேலை முடிந்து, பைக்குள் ஸ்பேனரோடு நேராக அவள் வீட்டுக்கு வந்தேன். படிக்கட்டுக்கு அடியில் இருந்த வால்வை மூடினேன். அம்மா டார்ச் பிடித்தாள்.

டார்ச் பிடிக்க அவளுக்கு வராது. வெளிச்சம் வேலை நடக்கிற இடத்தில் நிற்காது. பேச்சு எங்கே போகிறதோ அங்கே போகும்.

“குழாயைக் காட்டும்மா. என் மூக்கு ஒண்ணும் சொட்டல.”

“சொட்டினா அதையும் ரெண்டு வாரம் கழிச்சுத்தான் பாக்க வருவ, இன்ஜினியரம்மா.”

பழைய வாஷர் இறுகிக் கல்லாகியிருந்தது. கத்தி முனையால் நெம்பி எடுக்கவேண்டி வந்தது. நான் நெம்பி முடிப்பதற்குள் அம்மா லிஃப்ட்காரர் விஷயத்தைச் சொன்னாள்.

லிஃப்ட்காரர் அவளுடைய நோயாளிகளில் ஒருவர். லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஏழு மாதத்துக்கு முன் அவருக்கு இறந்துபோன ஒருவரின் இதயத்தைப் பொருத்தினார்கள். அன்று காலை அவர் கொடுத்த ரத்தத்தில் மருந்தின் அளவு இருபத்து மூன்று என்று வந்திருந்தது. இருக்கவேண்டியது பத்து. பெரிய டாக்டர் உடனே மருந்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். அவ்வளவு மருந்து உடம்பில் நின்றால் சிறுநீரகம் கெடும். அவர் சொன்னதில் தப்பில்லை. அம்மா மறுநாள் மாலைவரை அவகாசம் கேட்டு வாங்கியிருந்தாள்.

அந்த எண் மேல் அவளுக்கு நம்பிக்கையில்லை. முந்தின ஆறு தடவையும் ஒன்பது அல்லது பத்து. மருந்து மாறவில்லை, ஆளும் மாறவில்லை. காரணமில்லாமல் இப்படி ஒரே தாவாகத் தாவாது. உண்மையான அளவு பத்தாகவே இருந்து, மருந்தையும் பாதியாக்கிவிட்டால், அவர் உடம்பு அந்த இதயத்தை அந்நியன் என்று கண்டுகொள்ளும். கண்டுகொண்டால் அழிக்கத் தொடங்கும். வெளியே வாரக்கணக்கில் ஒன்றும் தெரியாது.

எல்லாம் வழக்கம்போலத்தான் என்று ரத்தம் எடுத்த இடத்தில் அவர் சொல்லியிருந்தார். “பொய் சொல்றார்,” என்றாள் அம்மா. “ஆனா மரியாதையா சொல்றார். அதுதான் கஷ்டம்.”

அன்று சாயங்காலம் இரண்டு தடவை அவரைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். லிஃப்ட் பெட்டிக்கு அடியில் இருக்கும் குழிக்குள் சிக்னல் கிடையாது. வேலை வெளியூரில், இரவும் அங்கேயே, மறுநாள் நான்கு மணிக்கு முடிந்து மேலே வந்தால்தான் போன் எடுப்பார் என்று அவர் மனைவி சொன்னாராம். ஆக நாளைக்கு அந்தப் போன். வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்தில் ஒரு கவர் கொடுக்கவேண்டும். இரண்டு வேலைதான், மறந்துவிட்டால் ஞாபகப்படுத்து என்றாள். கவரில் என்ன என்று நான் கேட்கவில்லை.

புது வாஷரைப் போட்டு வால்வைத் திறந்தேன். இருவரும் குழாய்க்கு முன்னால் நின்றோம். அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு முழுதாக ஒரு நிமிடம் எண்ணினாள். எண்ண ஒன்றுமில்லை.

“டிஸ்சார்ஜ் பண்ணிடலாம்,” என்றாள்.

அம்மா மருந்தாளர். இதய மாற்றுப் பிரிவில் பத்தொன்பது வருடம் வேலை செய்தாள். அந்தப் பிரிவைப் பற்றிச் செய்தித்தாளில் வரும்போது அறுவை நிபுணரின் படம் வரும். பக்கத்தில் இதய மருத்துவரான பெரிய டாக்டர். பின்வரிசையில் மயக்க மருந்து கொடுப்பவர், அறுவையின்போது இதயத்துக்குப் பதிலாக ரத்தத்தை ஓட்டும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர், யாருடைய இதயம் எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்கு வருகிறது என்று போனிலேயே குடியிருக்கும் ஒருங்கிணைப்பாளர். அம்மா எந்தப் படத்திலும் இல்லை. அவள் அறை தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாமல், குளிர்பெட்டிகளின் இரைச்சலோடு இருந்தது.

பத்தொன்பது வருடத்தில் அவள் ஒரு இதயத்தையும் நேரில் பார்த்ததில்லை. வந்து பாருங்கள் என்று அறுவை நிபுணர் ஒரு முறை கூப்பிட்டாராம். எனக்கு ரத்தம்னா ஆகாது சார் என்று தப்பித்துவிட்டாள். அது நிஜம். கறிக்கடைக்கு என்னைத்தான் அனுப்புவாள்.

அறுவை ஆறு மணி நேரம். அதற்குப் பிறகு அந்த ஆள் இருக்கும்வரை மாத்திரை. அம்மாவின் பங்கு இந்த இரண்டாவது பகுதி.

மாத்திரை பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. காலை ஏழு, மாலை ஏழு என்று பிடித்தால் ஆயுளுக்கும் காலை ஏழு, மாலை ஏழு. கல்யாண வீட்டிலும், ரயிலிலும், சண்டைக்கு நடுவிலும் ஏழு. போட்டதும் ரத்தத்தில் மருந்து ஏறும், ஒன்றரை மணி நேரத்தில் உச்சிக்குப் போகும், பிறகு மெல்ல இறங்கும். மிகக் கீழே இறங்கியிருக்கும் நேரத்தில், அதாவது அடுத்த மாத்திரைக்குச் சற்று முன், ரத்தம் எடுத்து அளக்கவேண்டும். அப்போது பத்து இருந்தால் சரி. மாத்திரையைப் போட்டுவிட்டு வந்து ரத்தம் கொடுத்தால் அளவு இரண்டு மடங்கு காட்டும். கருவியில் பழுது இருக்காது. எண்ணும் சரியான எண்தான். அளந்த நேரம் தப்பு.

நோயாளிகள் அம்மாவுக்குப் பன்னெண்டு மணி அம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்குத் தெரியாது என்று நினைத்தார்கள். தெரியும். அடுத்த வீட்டுக்காரர்வரை தெரியும், அவளே சொல்லிக்கொண்டு திரிவாள்.

அவள் மருந்தாளர் ஆனது மாமாவால். மாமா என்பது அம்மாவின் தம்பி. அம்மாவுக்குக் கணக்குப் படிக்க ஆசை. கல்லூரியில் விண்ணப்பம் கொடுக்கவேண்டிய கடைசி நாள் அவளுக்குக் காய்ச்சல். தம்பியை அனுப்பினார்கள். கணக்குக்கு நின்ற வரிசை வாசல் தாண்டி ரோட்டுக்கு வந்திருந்தது. மருந்தியலுக்கு மூன்றே பேர். மாமா மூன்று பேர் வரிசையில் நின்றுவிட்டு, சினிமா பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். வரிசையில நின்னது நான், படிச்சது அவ, நியாயமா பட்டத்துல பாதி எனக்கு என்று இப்போதும் சொல்வார். அந்தச் சினிமா எப்படியிருந்தது என்று அம்மா ஒவ்வொரு தடவையும் கேட்பாள். சுமார்தான் என்பார்.

நான் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் வேலைக்குப் போனாள். முதல் ஒன்பது வருடம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மருந்துக் கடையில் நின்றாள். அப்பா இறந்தது அந்தக் காலத்தில்தான், நான் எட்டாவது படிக்கும்போது. நேராகக் கேட்டால் நேரான பதில் வராது என்பதை அந்தக் கடையில் கற்றுக்கொண்டதாகச் சொல்வாள். தூக்க மாத்திரை கேட்டு வருபவர் எல்லோருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இருப்பார். அவருக்குத்தான் தூக்கம் வராது.

ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு முதல் சில வருடம் அவள் நேராகத்தான் கேட்டாள். மருத்துவமனை என்பதால் உண்மை சொல்வார்கள் என்று நினைத்திருக்கிறாள். நூலகர் ஒருவர் இருந்தார். நடு வயதுப் பெண், இதயம் மாற்றி இரண்டு வருடம் ஆனவர். ஒரு தடவை அவர் அளவு அதிகமாக வந்தது. ரத்தம் குடுத்துட்டுத்தானே மாத்திரை போட்டீங்க என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றார். மருந்தைக் குறைத்தார்கள். ஐந்து வாரத்தில் நூலகர் இறந்துபோனார். காலையில் பல் தேய்த்ததும் வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் கிளம்பினார் என்று அவர் அக்கா பிறகு சொன்னார். மேடம் கேட்ட விதத்துல, ஆமான்னு சொல்றதுதான் சரின்னு தோணுச்சாம் என்றும் சொன்னார்.

அன்று அம்மா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் மேசையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து, ஆமான்னு சொல்ற மாதிரி கேள்வி கேட்டது நான்தானே என்றாள். பிறகு செருப்பைக் கழற்றினாள்.

அதற்குப் பிறகு இரண்டு காரியம் செய்தாள். நோயாளிகளுக்குக் கொடுக்கும் அட்டையில் ஒரு வரியைச் சேர்த்தாள். அட்டையின் மேலே ஏற்கனவே தடித்த எழுத்தில் ‘பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. ஒரு நிமிடமும் தவறக்கூடாது’ என்று இருந்தது. கீழே அதே அளவு எழுத்தில் ‘ரத்தம் கொடுத்த பிறகே மாத்திரை’ என்று போடச் சொன்னாள். இரண்டாவது, யாருடைய எண்ணாவது கோணலாக வந்தால் தானே வீட்டிலிருந்து போன் செய்தாள். போனில் மாத்திரை என்ற சொல்லையே எடுக்கமாட்டாள்.

“எழுந்ததிலிருந்து சொல்லுங்க” என்பாள். அவ்வளவுதான் கேள்வி.

அவர்கள் சொல்வார்கள். பால் திரிந்தது, மருமகள் குளியலறையை விட்டு வரவில்லை, செருப்பு அறுந்தது. அம்மா மேசையைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்பாள். அந்தச் செருப்பை எங்கே தைத்தீர்கள் என்பாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்ததா என்பாள். பத்து நிமிடத்தில் மாத்திரை தானாக வெளியே வரும். நான் அந்த மேசையிலேயே பள்ளியும் கல்லூரியும் முடித்தேன். அம்மா பக்கத்துப் பேச்சை மட்டும் நூற்றுக்கணக்கில் கேட்டிருக்கிறேன்.

நான் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் இருக்கிறேன். தொழிற்சாலைகளின் அழுத்தமானிகளும் வெப்பமானிகளும் எங்களிடம் வரும். சரியான எண் காட்டுகிறதா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுப்போம். உன் வேலை சுலபம்டி என்பாள் அம்மா. மீட்டர் பொய் சொன்னா ஸ்க்ரூவைத் திருப்பிடலாம்.

வியாழக்கிழமை மூன்று இருபதுக்கு அவள் மருந்து அறையில் அலமாரிக்கும் மேசைக்கும் நடுவே விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. அறையில் கூட இருந்தது சின்ன மேடம், அம்மாவுக்குக் கீழே வேலை செய்யும் இளம் மருந்தாளர். விழுந்தது ஆஸ்பத்திரிக்குள் என்பதால் நிமிடத்தில் எல்லோரும் வந்துவிட்டார்கள். அறுவை நிபுணரே மார்பை அழுத்தினார் என்று பிறகு சொன்னார்கள். நான்கு ஐந்துக்கு நிறுத்தினார்கள். நான் போய்ச் சேர்ந்தது நான்கரைக்கு.

ஒருங்கிணைப்பாளர் என்னிடம் வந்தார். பத்தொன்பது வருடம் அம்மாவோடு உட்கார்ந்து மதியம் சாப்பிட்டவர். குடும்பங்களிடம் கேட்கும் கேள்வியை அவர் ஆயிரம் தடவை கேட்டிருப்பார். என்னிடம் தொடங்கிப் பாதியில் விட்டார். இதயம் நின்றுவிட்டதால் கண் மட்டும்தான் எடுக்க முடியும் என்றார். படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். இன்று என்ன தேதி என்று கேட்டேன். சொன்னார். எழுதினேன்.

வெள்ளிக்கிழமை எல்லாம் முடிந்தது. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். சனிக்கிழமை அம்மாவின் துணிகளை மடித்தேன். மடித்ததை உதறித் திரும்ப மடித்தேன். மாமா கூடத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டியா என்று நான்கு தடவை கேட்டார். நான்கு தடவையும் ஆமாம் என்றேன். ஒரு தடவை நிஜம்.

சமையலறைக் குழாய் சொட்டவில்லை.

ஞாயிறு பதினொரு மணிக்குச் சின்ன மேடம் அம்மாவின் பையைக் கொண்டுவந்தார். கூடத்தில் உட்காரவைத்தோம். உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தேன். டிபன் பாக்ஸ், கழுவியிருந்தது. மூக்குக் கண்ணாடி. குடை. நீளமான நோட்டு. பழுப்புக் கவர் ஒன்று, ஒட்டாதது, மேலே அச்சகத்தின் பெயரும் ‘வெள்ளிக்குள்’ என்ற சொல்லும்.

நோட்டைத் திறந்தேன். அம்மா அதில் நோயாளிகளின் பெயரை எழுதமாட்டாள். பஸ்ஸில் தொலைந்தால் யார் கையிலும் கிடைக்கக்கூடாது என்பாள். பூக்கடை, கணக்கு டீச்சர், லாரி, தபால் என்று தொழில்தான் இருக்கும். எதிரே நேரம், எதிரே பதில். வியாழக்கிழமை பக்கத்தில் ஒரே வரி. ‘லிஃப்ட். 4.15. எழுந்ததிலிருந்து.’ எதிரே ஒன்றுமில்லை.

லிஃப்ட்காரர் என்ன ஆனார் என்று சின்ன மேடத்திடம் கேட்டேன்.

பெரிய டாக்டர் வியாழக்கிழமை ஆறு மணிவரை பார்த்துவிட்டு மருந்தைப் பாதியாக்கிவிட்டார் என்றார். அம்மாவிடமிருந்து பதில் வரவில்லை, வேறு என்ன செய்வார். வெள்ளிக்கிழமை சின்ன மேடமே லிஃப்ட்காரரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். அம்மாவின் சந்தேகம் அவருக்கும் தெரியும்.

“எப்படிக் கேட்டீங்க?”

“மாத்திரை போட்டுட்டு ரத்தம் குடுத்தீங்களான்னு கேட்டேன். இல்லம்மா, குடுத்துட்டுத்தான் போட்டேன்னு சொன்னார்.”

அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது என்று கேட்டேன். பத்து நாள் கழித்து. நான் மனதுக்குள் எண்ணினேன். வியாழன் மாலை, வெள்ளி இரண்டு, சனி இரண்டு, இன்று காலை. ஆறு பாதி மாத்திரைகள் ஆகிவிட்டன. பத்து நாளில் இன்னும் இருபது ஆகும்.

இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாமா என்றேன். சின்ன மேடம் போனை எடுத்தார். எண்ணைத் தட்டினார். பிறகு என் பக்கம் நீட்டினார்.

“நீங்க பேசுங்க. எனக்கு வராது. நான் கேட்டா போலீஸ் கேக்கற மாதிரி இருக்கும்.”

ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தோம். இரண்டாவது மணியில் எடுத்தார்.

அம்மா எங்கே என்றுதான் முதலில் கேட்டார். அம்மா வரவில்லை, நான் அவர் பொண்ணு என்றேன். மாமா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இன்ஜினியரா? டார்ச் புடிக்கத் தெரியலன்னு அம்மாவைத் திட்டுவீங்களாமே.”

ஆமாம் என்றேன். புதன்கிழமை ரத்தம் கொடுக்கப் போனீர்களே, அன்றைக்கு எழுந்ததிலிருந்து சொல்லுங்க என்றேன்.

அவர் சொன்னார். நாலரைக்கு எழுந்தார். மச்சானின் ஸ்கூட்டரில் போவதாக ஏற்பாடு. ஸ்கூட்டர் கிளம்பவில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பார்த்தார். ஒரு மெக்கானிக் வீட்டு வண்டி இப்படியா என்று மனைவி சிரித்தார். நான் லிஃப்ட் மெக்கானிக், அது மேலயும் கீழயும்தான் போகும் என்று இவர் சொன்னார். முதல் பஸ் போய்விட்டது, இரண்டாவது பஸ். ஆறு பத்துக்கு ரத்தம் எடுக்கும் இடத்தில் டோக்கன் வாங்கினார். பதினான்காம் எண். வழக்கமாக ஆறே முக்காலுக்குள் முடிந்துவிடும். அன்று ரத்தம் எடுப்பவர் வரவில்லை. இதோ வருகிறார், அதோ வருகிறார் என்றார்கள்.

எந்த நாற்காலியில் உட்கார்ந்தீர்கள் என்று கேட்டேன். கதவோரம், மூன்றாவது. பக்கத்தில் யார்? ஒரு பெரியவர், கையில் பூனைப் படம் போட்ட பை. என் கை மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. துணி இல்லை, வெறும் கை.

ஏழு மணிக்கு அவர் போனில் அலாரம் அடித்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு முன்னால் இன்னும் பதின்மூன்று பேர்.

அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. இந்த இடத்தில் அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள். சின்ன மேடம் வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

“தண்ணி பாட்டில் கொண்டு போயிருந்தீங்களா?” என்று கேட்டேன்.

“கொண்டு போயிருந்தேன்,” என்றார். “ஏழு ஆயிடுச்சும்மா. ஒரு நிமிஷம்கூட தவறக்கூடாதுன்னு கார்டுல போட்டிருக்கு. ரத்தம் குடுத்த பிறகுதான்னும் போட்டிருக்கு. லேட்டா போட்டா அம்மா திட்டுவாங்க. முன்னாடி போட்டாலும் திட்டுவாங்க. ரெண்டுல எது சின்னத் தப்புன்னு எனக்குத் தெரியல.”

ரத்தம் எடுத்தது எட்டு நாற்பதுக்கு.

“லிஃப்ட்ல ரெண்டு சுவிட்ச் எதிரெதிரா சொன்னா பெட்டி அந்த இடத்துலயே நின்னுடும்,” என்றார். “நான் எங்க நிக்கறது?”

சின்ன மேடம் அதற்குள் தன் இன்னொரு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். பெரிய டாக்டரிடம் அவர் பேசுவது கேட்டது. மணிகளை வரிசையாகச் சொன்னார். அங்கிருந்து அவர் தலையசைத்ததும் நான் லிஃப்ட்காரரிடம் இன்று மாலை பழைய அளவு மருந்து, விவரத்தை டாக்டரே கூப்பிட்டுச் சொல்வார், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவேண்டியிருக்கும் என்றேன். சரி சரி என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அம்மாகிட்ட சொல்லிடாதீங்க.”

“சொல்லமாட்டேன்,” என்றேன்.

போனை வைத்த பிறகு பேனாவை எடுத்து அம்மாவின் வரிக்கு எதிரே எழுதினேன். ‘7.00க்கு மாத்திரை. 8.40க்கு ரத்தம்.’ என் எழுத்து அவள் எழுத்தைவிடப் பெரியது. கட்டத்துக்குள் அடங்கவில்லை.

அன்று மாலையே அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு நாலரை இருந்தது. செவ்வாய்க்கிழமை கழுத்து நரம்பு வழியாக மெல்லிய கம்பியை விட்டு இதயத்திலிருந்து கடுகளவு சதையை எடுத்துப் பார்த்தார்கள். கண்ணாடித் துண்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்கும் நிபுணர், இருக்கக்கூடாத இடத்தில் செல்கள் கூடத் தொடங்கியிருக்கின்றன, சதை இன்னும் கெடவில்லை என்று எழுதினார். மூன்று நாள் நரம்பில் மருந்து ஏற்றினால் அடங்கிவிடும். அம்மா இறந்த செய்தியை அவருக்கு யார், எப்போது சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது.

புதன்கிழமை பெரிய டாக்டர் போன் செய்தார். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் என்று தொடங்கி முடிக்கவில்லை. நான் காத்திருந்திருக்கணும்மா என்றார். எண் இருபத்து மூன்று சார், யாராயிருந்தாலும் குறைத்திருப்பார்கள் என்றேன். ஆறுதலுக்குச் சொல்லவில்லை. இருபத்து மூன்றுக்கு அதுதான் சரியான நடவடிக்கை. அம்மா மேசையில் ஒரு சின்னச் செடி இருக்கிறது, அதை யார் வைத்துக்கொள்வது என்று கேட்டார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அதற்குப் பிறகுதான் கவரைத் திறந்தேன்.

உள்ளே அந்த அட்டை இருந்தது. மேலே ஒரு நிமிடமும் தவறக்கூடாது. கீழே ரத்தம் கொடுத்த பிறகே மாத்திரை. இரண்டும் ஒரே தடிப்பில். ஒன்றோடொன்று மோதினால் எது பெரியது என்று அட்டையில் எங்கும் இல்லை. பத்து வருடத்துக்கு மேலாக இல்லை. நூலகருக்காகச் சேர்த்த வரி லிஃப்ட்காரரை இடித்தது.

இரண்டுக்கும் அடியில் அம்மா பென்சிலால் எழுதியிருந்தாள். ‘ரத்தம் கொடுக்கும் வரிசை நகராவிட்டால் மாத்திரை காத்திருக்கட்டும். ஒரு மணி, இரண்டு மணி தாமதமானால் பரவாயில்லை. நான் திட்டமாட்டேன்.’ ஓரத்தில் தேதி, அந்தப் புதன்கிழமைத் தேதி. அதன் கீழே, இருநூறு பிரதி.

ஆக, டார்ச் பிடித்துக்கொண்டு நின்றபோதே அவளுக்குத் தெரியும். ரத்தம் எடுப்பவர் அன்று தாமதமாக வந்ததை வைத்து, லிஃப்ட்காரர் எங்கே மாட்டியிருப்பார் என்று ஊகித்து, அட்டையையும் திருத்திவிட்டாள். ஊகத்தை வைத்து ஒருவர் மருந்தில் கை வைக்கமாட்டாள். அவர் வாயால் வரவேண்டும். அதற்காகத்தான் அந்த ஒரு நாள்.

‘நான் திட்டமாட்டேன்’ என்பதன் மேல் ஒரு கோடு இருக்கிறது. மெல்லிய கோடு. அடித்த கோடா, பென்சில் வழுக்கிய கோடா என்று ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன். தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே அழுத்தம். அடித்ததுதான் என்று நினைக்கிறேன். சான்றிதழ் கொடுக்கும் அளவுக்கு உறுதியில்லை.

அச்சகம் பஸ் நிலையத்துக்கு எதிரே, அம்மா முதலில் வேலை பார்த்த மருந்துக் கடைக்கு இரண்டு கடை தள்ளி. ஆறு மணிவரை திறந்திருக்கும். நடந்தால் இருபது நிமிடம். நான் கொடுத்துட்டு வரட்டுமா என்று மாமா இரண்டு தடவை கேட்டார். வரிசை பெரிசா இருந்தா வேற கடைக்குப் போயிடுவீங்க என்றேன். அவர் சிரித்தார். ஆறு நாளில் முதல் தடவை.

அடித்த வரியைச் சேர்த்து அச்சடிக்கவா, விட்டுவிடவா என்று அச்சகக்காரர் கேட்பார். எனக்குப் பதில் தெரியாது. கவர் மேசை மேல் இருக்கிறது. மேலே அம்மாவின் கையெழுத்தில் வெள்ளிக்குள் என்று எழுதியிருக்கிறது. எந்த வெள்ளி என்று எழுதவில்லை.